கிரான்தம் ஊரின் பழைய பப்கள்: 1203 என்பது எந்தக் கணக்கு?

கேள்வி, ஏப்ரல் 8, 2018

லிங்கன்ஷயரில் கிரான்தம் என்ற சந்தை ஊரில் ஏஞ்சல் அண்ட் ராயல் என்று ஒரு விடுதி. 1203-இல் ஆரம்பித்ததாம், இங்கிலாந்திலேயே பழையதாம். ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். எண்ணூறு வருஷமாக ஒரே இடத்தில் சாராயக் கடை நடக்குமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 8, இரவு

நான் இருக்கிறேன். கிரான்தம் எனக்கு இருபது நிமிஷ கார்ப் பயணம். பதினோரு வருஷமாகப் போய்வருகிறேன், முதலில் காய்கறிச் சந்தைக்கு, அப்புறம் இந்தக் கிறுக்குக்கு.

ஒரு வேண்டுகோள்: ஊர்ப் பெயரை "கிரந்தம்" என்று எழுதாதீர்கள். போன தடவை அப்படி எழுதி, ஜ ஷ ஸ வேண்டுமா வேண்டாமா என்று நாற்பது பதில் ஓடியது.

1203 என்பது விடுதி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற கணக்கு. கோயில் வீரர்கள் என்கிற டெம்ப்ளர்களின், அதாவது சிலுவைப் போர்க் காலத்துத் துறவிப் படையினரின், தங்குமிடம் அங்கே இருந்தது, ஜான் அரசர் வந்து அவை கூட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். இன்று தெருவில் நின்று நீங்கள் பார்க்கிற கல் முகப்பு பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் சுமார் இருநூறு வருஷமாவது இடைவெளி. சாராயக் கடை என்றது அதைவிடப் பெரிய தப்பு. நாளை எழுதுகிறேன், காலை ஷிஃப்ட்.

ஏப்ரல் 9

மூன்று வகைக் கடைகளை நாம் ஒரே பெயரில் மொழிபெயர்த்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏல்ஹவுஸ் என்பது வீடு. ஒரு பெண்மணி வீட்டிலே ஏல் என்ற தானிய மதுவைக் காய்ச்சி, மிஞ்சியதை வாசலில் வைத்து விற்பாள். இன்று காய்ச்சியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கம்பில் தழையைக் கட்டி நீட்டிவிடுவாள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்ட பீர் எல்லாம் பிறகு வந்து பரவியது. டேவர்ன் என்பது ஒயின் விற்கிற இடம், காசுள்ளவர்களுக்கு. அதாவது உண்மையான ஒயின் ஷாப். நம் ஊரில் பிராந்தி விற்கிற இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தனி இழை தொடங்கலாம். மூன்றாவது, நாம் பேசுகிற விடுதி: ஆளுக்குப் படுக்கை, குதிரைக்குக் கொட்டில், இருவருக்கும் தீனி.

1577-இல் அரசாங்கம் வரி போட நினைத்து எண்ணிப் பார்த்தது. எண்ணிய மாவட்டங்களில் ஏல்ஹவுஸ் 14,000-க்கு மேல், விடுதி 1,600-க்குச் சற்று மேல், டேவர்ன் சுமார் 330. விடுதி எவ்வளவு அபூர்வம் பாருங்கள். ஒரு சின்ன சந்தை ஊரில் விடுதி நடத்துகிறவர் ஊர்ப் பெரிய மனிதர்.

சத்திரம் என்று மொழிபெயர்க்கலாமா என்று கேட்டால், எனக்குச் சம்மதமில்லை. சத்திரம் புண்ணியத்துக்கு, விடுதி லாபத்துக்கு. மெழுகுவர்த்திக்குக்கூடக் காசு வாங்குவார்கள்.

ஏப்ரல் 14

இன்று சனி, சந்தை நாள். கத்தரிக்காய் வாங்கப் போனவன் ஏஞ்சல் வாசலில் அரைமணி நேரம் நின்றேன்.

பார்க்க வேண்டியது நடு வளைவு. அந்தக் காலத்து வண்டி நுழைகிற அகலம். வளைவுக்கு மேலே சுவரிலிருந்து பிதுங்கும் ஜன்னல். அந்த ஜன்னலைத் தாங்குவது பொன் பூசிய ஒரு தேவதை, கையில் கிரீடம். பெயர்ப் பலகையே தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவனும் நிமிர்ந்து பார்த்தால் ஏஞ்சல். வளைவின் இரு பக்கமும் இரண்டு தலைகள், மூன்றாம் எட்வர்டும் அரசி பிலிப்பாவும். மழை தின்று மூக்கு மழுங்கிக் கிடக்கிறது.

மாடியில், வளைவுக்கு நேர் மேலே இருப்பது அரசர் அறை. 1483-இல் மூன்றாம் ரிச்சர்ட் அங்கே உட்கார்ந்துதான் பக்கிங்ஹாம் கோமகனுக்கு மரண ஆணை எழுதினார். அந்த மாடியில் எனக்கு யாரும் ஆணை எழுதவில்லை. தேநீர் கேட்டேன், வந்தது.

ஏப்ரல் 15

நேற்றுச் சொன்ன ரிச்சர்ட் கதையைத் திருத்த வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நடைச் சுற்றுலா வழிகாட்டி சொன்னதை அப்படியே இறக்கிவிட்டேன். காசு கொடுத்துக் கேட்டது என்பதால் நம்பிவிட்டேன் போல.

நடந்தது இது. பக்கிங்ஹாம் கலகம் செய்த செய்தி வந்தபோது ரிச்சர்ட் லிங்கன் நகரத்தில் இருந்தார். அக்டோபர் 12 அன்று அங்கிருந்து, முத்திரையைக் காக்கிற மூத்த அமைச்சரான சான்சலருக்குக் கடிதம் எழுதி அரசு முத்திரையைக் கேட்டார். கடிதத்தின் அடியில் அவர் தன் கையாலேயே கொட்டிய ஆத்திரம் இன்னும் அழியாமல் இருக்கிறது. முத்திரை அவர் கைக்கு வந்து சேர்ந்த இடம்தான் கிரான்தம் ஏஞ்சல் விடுதி, அக்டோபர் 19. பக்கிங்ஹாமின் தலை போனது நவம்பர் 2, சாலிஸ்பரியில்.

ஆக ஏஞ்சலில் நடந்தது ஒரு பார்சல் டெலிவரி. ஆனால் எனக்கு இதுதான் முக்கியம்: 1483-இல் அந்த இடத்தில், அந்தப் பெயரில், விடுதி நடந்தது என்பதற்கு அரசாங்கப் பதிவே இருக்கிறது. எண்ணூறு வருஷம் என்று அளக்காமல் ஐந்நூற்று முப்பத்தைந்து என்று சொன்னாலே போதுமே. அது குறைச்சலா?

"ராயல்" பின்னால் ஒட்டியது. 1866-இல் வேல்ஸ் இளவரசர், பிற்பாடு ஏழாம் எட்வர்ட், வந்து போனதும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 21

ஒரு வாரம் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. "எவ்வளவு பழையது" என்ற கேள்விக்குள் நான்கு கேள்வி இருக்கிறது: கட்டடத்தின் வயது, பெயரின் வயது, வியாபாரத்தின் வயது, உரிமத்தின் வயது. எது அதிகமோ அதைப் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கிரான்தமின் ஹை ஸ்ட்ரீட்டில் ஜார்ஜ் என்று இன்னொரு பெரிய விடுதி இருந்தது. கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டு. ஆனால் ஐசக் நியூட்டன் சிறுவனாக இந்த ஊரில் படித்தபோது தங்கியது ஜார்ஜ் விடுதிக்கு அடுத்த வீட்டு மருந்துக் கடைக்காரரிடம். அது 1650-களில். ஆக, பெயர் கட்டடத்தைவிட மூத்தது. இப்போது உள்ளே கடைகள், முகப்பு மட்டும் பழசு.

தெற்கே ஸ்டாம்ஃபோர்டில் இதற்கு நேர்மாறு. டோபி நாரிஸ் பப்புக்குள் போனால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் சுவர், கோணல் தரை, குனிந்து போக வேண்டிய நிலைப்படி. தமிழர்களுக்குப் பிரச்சினையில்லை, எனக்கு இடிக்கவே இல்லை. பெயர் 1617-இல் அந்த வீட்டை வாங்கிய மணி வார்ப்பவருடையது. பப்பாக ஆனது இந்த நூற்றாண்டில்தான்! சுற்றுலாக்காரர்கள் சுவரைத் தடவித் தடவி "எத்தனை தலைமுறை இங்கே குடித்திருக்கும்" என்று உருகுகிறார்கள். ஒரு தலைமுறைகூட முடியவில்லை ஐயா.

ஏப்ரல் 22

குதிரை வண்டிக் காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டனிலிருந்து யார்க், எடின்பரோ போகிற பெரிய வடக்குச் சாலையில் இந்த ஊர்கள் மணி கோத்த மாதிரி வரும். எடின்பரோ தபால் வண்டி 1786-இல் ஆரம்பம். 1830-களில் முழுத் தூரத்தையும் சுமார் 45 மணியில் ஓட்டினார்கள். பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். மாற்றுகிற இடம் விடுதி. அதாவது விடுதி என்பது பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், லாட்ஜ், தபால் நிலையம் எல்லாம் ஒன்று.

ஸ்டாம்ஃபோர்டில் ஜார்ஜ் என்றே இன்னொரு விடுதி உண்டு. (இந்த நாட்டில் பெயருக்குப் பஞ்சம்.) உள்ளே நுழைந்ததும் எதிரெதிரே மரப்பலகை பதித்த இரண்டு அறைகள், ஒன்றின் பெயர் லண்டன், மற்றது யார்க். போகிற திசையைப் பார்த்துப் பயணிகள் பிரிந்து உட்காருவார்கள், பிளாட்பாரம் மாதிரி. வெளியே பெயர்ப் பலகை சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தூக்குமரம் போல் நிற்கிறது. கொள்ளைக்காரர்களுக்கு எச்சரிக்கை என்று கதை கட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ வெறும் விளம்பரம் என்றுதான் படுகிறது.

குதிரை மாற்றுகிற அந்தச் சில நிமிஷத்தில் வண்டிப் பயணிகளுக்கு விற்க ஒரு கடினமான பிஸ்கட் கிரான்தமில் பிரபலம், பெயரே சாணைக்கல். 1740-இல் வில்லியம் எகல்ஸ்டன் என்ற ரொட்டிக்காரர் அதைச் செய்யும்போது ஏதோ ஒரு பொருளை மாற்றிப் போட்டுவிட்டார். உப்பிக்கொண்டு, உள்ளே பொந்தாக, கடித்தால் நொறுங்குகிற இஞ்சி பிஸ்கட் வந்தது. அதுதான் இன்றும் கிரான்தம் ஜிஞ்சர்பிரெட். வெள்ளையாக இருக்கும், மற்ற ஊர் மாதிரி கருப்பில்லை. பஸ் ஜன்னலில் கடலைமிட்டாய் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த கோவில்பட்டிக்காரனுக்கு இந்த வியாபாரம் சட்டென்று புரியும்.

லண்டன் ரயில் பாதை 1852-இல் வந்தது. விடுதிகள் செத்தன. கதை முடிந்தது.

ஏப்ரல் 23

கதை முடியவில்லை. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன்.

ரயில் கொன்றது தூரத்து வண்டியை. சந்தை நாளை அது தொடவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பார வண்டிக்காரர்கள் சனிக்கிழமை வருவார்கள், ஒவ்வொரு கிராமத்து வண்டிக்கும் ஒரு பப்பின் முற்றம் பாத்தியம். இன்ன கிராமத்து வண்டி இன்ன முற்றத்திலிருந்து இத்தனை மணிக்கு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விலாசப் புத்தகங்களில் அச்சடித்திருக்கும். விவசாயி குதிரையைக் கொட்டிலில் விட்டு, தானியம் பேசி முடித்து, மதியம் அதே விடுதியில் எல்லோருக்கும் ஒரே விலைச் சாப்பாடு. நம் அளவுச் சாப்பாடு மாதிரி. இது மோட்டார் பஸ் வரும்வரை ஓடியது.

சாப்பாடு, வண்டி மட்டுமா? திடீர்ச் சாவு நடந்தால் பிண விசாரணை பப்பில். ஏலம் பப்பில். தொழிலாளிக்குக் கூலி பப்பில், கையில் வாங்கிய காசு அந்த மேசையிலேயே கரையும். அதைத் தடுக்கத் தனியாக 1883-இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 29

நீலம்.

கிரான்தமில் பப் பெயர்களைப் பழைய பட்டியலில் படித்தால் கண் கட்டும். நீலக் காளை, நீலச் சிங்கம், நீல ஆடு, நீலப் பசு, நீலக் குதிரை, நீலப் பன்றி. யாரோ ஒரே டப்பா பெயின்ட்டை வாங்கி ஊர் மிருகக் கூட்டத்துக்கே அடித்த மாதிரி.

அடித்ததும் அப்படித்தான். ஊரில் நிறையக் கட்டடம் மேனர்ஸ் என்ற பிரபுக் குடும்பத்துடையது. அவர்கள் விக் கட்சி, நிறம் நீலம். தங்கள் இடத்தில் கடை நடத்துகிறவன் பலகையில் நீலம் இருந்தாக வேண்டும். தேர்தலில் எந்தக் கடையில் யார் செலவில் ஊற்றுகிறார்கள் என்று வாக்காளனுக்குக் கேட்காமலே தெரியும். கொடிக்கம்பமும் சுவர் விளம்பரமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது.

சொந்த இடத்தில் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் அடங்கவில்லை, கேலிக்காகத் தன் கடைக்கு "நீலக் கழுதை" என்று பெயர் வைத்தார் என்பது கதை. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நீலப் பன்றி இன்னும் இருக்கிறது, வைன் ஸ்ட்ரீட்டில். மரச்சட்டம் தெரிகிற கருப்பு வெள்ளை ட்யூடர் கட்டடம், மேல்மாடி தெருவுக்குள் எட்டிப் பார்க்கும்.

ஏப்ரல் 29, கொஞ்ச நேரம் கழித்து

குடிப்பீர்களா என்று யாரோ தனிமடலில் கேட்கிறார்கள். இல்லை. லைம் சோடா. பதினோரு வருஷத்தில் ஒரு பப்பிலும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை, நம் கல்யாண வீட்டில்தான் கேட்பார்கள்.

மே 6

குடிக்காதவன் பேச்சு வந்ததால் இரண்டு பேர்.

முதலாமவர் மைக்கேல் சாலமன், ஏஞ்சல் விடுதிக்காரர், 1706-இல் இறந்தார். உயிலில் வருஷம் 40 ஷில்லிங், அதுவும் ஏஞ்சலின் வருமானத்திலிருந்தே, எதற்கு எழுதிவைத்தார் தெரியுமா? குடிப்பழக்கத்தைக் கண்டித்துக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு பிரசங்கம் செய்ய! செயின்ட் வுல்ஃப்ரம் கோயிலில் நடக்கும், ஊரில் அதற்குப் பெயரே "குடிகாரப் பிரசங்கம்". முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்துகிறவனுக்குத்தான் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும்.

இரண்டாமவர் டேனியல் லாம்பர்ட். லெஸ்டரில் சிறைக் காவலர், நாட்டிலேயே பருமனான மனிதர். ஆனால் மது தொடமாட்டார் என்பார்கள். 1809 ஜூனில் ஸ்டாம்ஃபோர்டுக்கு வந்து வேகன் அண்ட் ஹார்சஸ் விடுதியில் கீழ்த்தள அறை எடுத்தார், குதிரைப் பந்தயக் கூட்டத்துக்குத் தன்னைக் காட்டிக் கட்டணம் வாங்க. 21-ஆம் தேதி காலையில் இறந்தார். 39 வயது, எடை 335 கிலோ. சவப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தார்கள். அறையின் ஜன்னலையும் சுவரையும் இடித்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு விடுதிக்கு இதைவிட யாரும் பெரிய சேதம் செய்ததில்லை, அவர் குடித்ததோ தண்ணீர்.

மே 7

ராம் ஜாம் என்ற விடுதியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், இரண்டு ஊருக்கும் நடுவில், ஏ1 சாலை ஓரம், ஸ்ட்ரெட்டன் கிராமத்தில். 2013-இல் மூடிவிட்டார்கள், அப்புறம் காரில் போகும்போது பார்த்திருக்கிறேன், ஜன்னலில் பலகை அடித்து நின்றது.

பெயருக்கு இரண்டு கதை. ஒன்று: ஒரு வழிப்போக்கன், ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு விதமான பீர் எடுக்கிற வித்தை காட்டுகிறேன் என்றான். ஒரு பக்கம் ஓட்டை போட்டு விடுதிக்கார அம்மாவின் கட்டை விரலை "ராம்" (குத்தித் திணிப்பது) பண்ணச் சொன்னான், மறுபக்கம் ஓட்டை போட்டு இன்னொரு கட்டை விரலை "ஜாம்" (இறுக்கி அடைப்பது). இரண்டு கையும் மாட்டிக்கொண்டு அந்த அம்மா நிற்க, பணம் கட்டாமல் நடையைக் கட்டினான். இரண்டு: பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பக்குவத்தில் ஒரு மது விற்றார், அதன் பெயர் ராம் ஜாம், இந்துஸ்தானிச் சொல் என்று.

இந்தியக் கதை நமக்கு இனிக்கிறது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன். பீப்பாய்க் கதை வேறு ஊர்களிலும் சொல்லக்கூடிய கதை, அதனால் அதையும் சந்தேகப்படுகிறேன். முந்தைய பெயர் வின்சல்சி ஆர்ம்ஸ் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மே 20

எல்லோரும் தேவதை, அரசர் என்றே பேசுகிறோம். எனக்கு இப்போதெல்லாம் பிடித்தது முட்டுச்சந்து பீர் வீடுகள்.

1830-இல் ஒரு சட்டம். இரண்டு கினி, அதாவது 2 பவுண்டு 2 ஷில்லிங், கட்டினால் வரி செலுத்துகிற யாரும் தன் வீட்டில் பீர் விற்கலாம், நீதிபதியிடம் போய் நிற்க வேண்டாம். ஜின்னிலிருந்து ஜனங்களைப் பீருக்குத் திருப்பலாம் என்று கணக்கு. எட்டு வருஷத்துக்குள் நாடு முழுக்க 40,000-ஐத் தாண்டிவிட்டது. செருப்புத் தைக்கிறவர், கொல்லர், விதவை, யார் வேண்டுமானாலும் முன்னறையில் ஒரு பெஞ்சும் பின்கட்டில் ஒரு பீப்பாயும். 1869-இல் பழையபடி நீதிபதிகள் கைக்கு உரிமத்தைக் கொண்டுபோனார்கள், ஒவ்வொன்றாக மூடியது.

இவற்றுக்குப் பலகையும் இல்லை, அரசரும் வந்ததில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி: வரிசை வீடுகளில் தெருமுனை வீட்டைப் பாருங்கள். மூலையை வெட்டிக் கதவு வைத்திருந்தால் ஒரு மதிப்பெண். முன் ஜன்னல் மற்ற வீட்டைவிட அகலமாக இருந்தால் இன்னொன்று. மாடிச் சுவரில் எதையும் தாங்காத இரும்புக் கொக்கி. நடைபாதையில் இரட்டை மரக்கதவு, கீழே நிலவறை, பீப்பாய் உருட்ட. நாலும் இருந்தால் கதவைத் தட்டலாம்.

நான் ஒருமுறை தட்டினேன். ஒரு தாத்தா வந்தார். "ஆமாம், பப்தான், என் அம்மா காலத்திலேயே மூடியாச்சு" என்று சொல்லி நிலவறைக்குக் கூட்டிப்போனார். செங்கல் தரை நடுவில் சரிந்து ஒரு சின்னக் குழியில் முடிந்தது, கொட்டிய பீர் வடிய. சுவரோரம் பீப்பாய் வைக்கிற இரண்டு நீளக் கட்டைகள் அப்படியே. அதன்மேல் பேரனின் சைக்கிள்.

ஜூன் 10

கடைசியாகக் கேட்டீர்கள், ஒரே ஒரு பப் என்றால் எது என்று. ஏஞ்சல் இல்லை. காசில்கேட்டில் இருக்கிற பீஹைவ், தேன்கூடு.

வாசலில் ஒரு எலுமிச்சை மரம். கிளைகளுக்கு நடுவே மரப்பெட்டி. பெட்டிக்குள் உண்மையான தேனீ. அதுதான் பெயர்ப் பலகை. 1830-க்கு முன்பிருந்தே இப்படி. இன்று மரத்தடியில் நின்று பார்த்தேன், பெட்டியின் கீற்று வாசலில் பத்துப் பதினைந்து தேனீ போய்வந்துகொண்டிருந்தது. ஒன்று என் லைம் சோடாவைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனது.

முன்னே சொன்ன நான்கு வகை வயதில் இதற்கு எதைக் கணக்குப் போடுவது? பெட்டியை மாற்றியிருப்பார்கள், தேனீ ஒரு கோடைகூட வாழாது.

ஜூன் 11

காலையிலிருந்து மூன்று பேர் திட்டிவிட்டார்கள், சரிதான். எலுமிச்சை மரம் இல்லை. லைம் என்று இங்கே சொல்வது வேறு மரம், லிண்டன் வகை, இதய வடிவ இலை, உயரமாக வளரும், காய் ஊறுகாய்க்கு ஆகாது. இந்தக் குளிரில் எலுமிச்சை எங்கே வளரும் என்று கையில் லைம் சோடா வைத்திருந்தவனுக்குத் தோன்றவில்லை. பூப்பது இந்த மாதக் கடைசியில். தேனீ அப்போதுதான் அந்த மரத்தை மொய்க்கும் என்கிறார்கள். 30-ஆம் தேதி சந்தைக்குப் போகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.